செக்யூரிட்டி ஏஜென்சியின் உரிமம் பக்கத்து மாவட்டத்துக்கு மட்டுமே: குடியிருப்போர் சங்கம் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: ஊரப்பாக்கம் செயலாளர்

அனைவருக்கும் வணக்கம். செங்கல்பட்டு மாவட்டம் ஊரப்பாக்கத்தில் 84 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கத்துக்குக் கடந்த ஏப்ரல் முதல் செயலாளராக இருக்கிறேன். நான்கு ஆண்டுகளாக ஒரே செக்யூரிட்டி ஏஜென்சிதான் எங்களுக்கு ஆள் அனுப்புகிறது. பகலில் மூவர், இரவில் மூவர், ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். சூப்பர்வைசர் என்று ஒருவர் இருக்கிறார். மாதம் பிறந்ததும் பில்லுடன் வருவார், அடுத்த மாதம் பிறக்கும் வரை அவரைப் பார்க்க முடியாது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இரண்டாம் மாடியில் செருப்பு அலமாரியில் இருந்த ஒரு ஜோடி ஷூவைக் காணவில்லை என்று ஒரு வீட்டார் இன்டர்காமில் சொல்லியிருக்கிறார்கள். அதே நேரத்தில் அந்த மாடியில் உணவுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிய இளைஞரை வாயில் காவலாளி நிறுத்தி, பையிலிருந்ததைத் தரையில் கொட்டச் சொல்லி, கைப்பேசியையும் வண்டிச் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஜெனரேட்டருக்குப் பக்கத்திலுள்ள காவலர் அறையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார். பிறகு பார்த்தால், ஷூவை அந்த வீட்டுப் பையனே விளையாடப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். இளைஞர் நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டார். மறுநாள் என்னை அழைத்த உதவி ஆய்வாளர் முதலில் கேட்டது ஏஜென்சியின் உரிமத்தைத்தான்.

ஏஜென்சிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலில் உரிமம் செல்லும் இடமாகக் காஞ்சிபுரம் மாவட்டம் மட்டுமே இருந்தது. கேட்டதற்கு, "எல்லாம் ஒரே மாவட்டமாக இருந்ததுதானே சார்" என்கிறார். செங்கல்பட்டு 2019இலேயே தனி மாவட்டமாகிவிட்டது; உரிமத்தின் தேதியோ 2022. போதாக்குறைக்கு, இரவுப் பணியில் இருக்கும் பெரியவர் ஒருவருக்கு 67 வயது என்பதும் இந்த விசாரணையில்தான் தெரியவந்தது. அவர் இங்கே எல்லாருக்கும் வேண்டியவர். குழந்தைகள் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இந்த உரிமம் எங்களுக்குச் செல்லுமா? காவலாளி செய்தது எந்த அளவுக்குத் தவறு, அதில் சங்கத்தின் பொறுப்பு என்ன? பெரியவரை அனுப்பித்தான் ஆக வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் வரும் ஞாயிறு நடக்கும் செயற்குழுவில் பேச உதவியாக இருக்கும்.

பதில்: மதுரை வழக்குரைஞர்

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். உங்கள் கேள்வியில் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலில் உரிமம். தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005 என்ற மத்தியச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் யாரும் இந்தத் தொழிலை நடத்தக் கூடாது. விண்ணப்பக் கட்டணத்தையே பரப்பளவை வைத்துத்தான் 7ஆம் பிரிவு வகுத்திருக்கிறது: ஒரு மாவட்டத்துக்கு 5,000 ரூபாய், ஐந்து மாவட்டங்கள் வரை 10,000 ரூபாய், மாநிலம் முழுவதற்கும் 25,000 ரூபாய். உங்கள் ஏஜென்சி 5,000 கட்டி ஒரு மாவட்டத்துக்கு வாங்கிவிட்டு இரண்டு மாவட்டங்களில் தொழில் செய்கிறது. மாவட்டம் பிரிந்த பிறகு வாங்கிய உரிமம் என்பதால் "ஒரே மாவட்டமாக இருந்தது" என்ற வாதம் எடுபடாது. உரிமத்தின் ஆயுள் ஐந்து ஆண்டுகள். ஆகவே 2022ஆம் ஆண்டு உரிமம் காலாவதியாகும் நாளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். "விண்ணப்பம் போட்டுவிட்டோம்" என்று ரசீதைக் காட்டுவார்கள்; ரசீது உரிமம் ஆகாது.

உரிமமின்றித் தொழில் நடத்தினால் 20ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அந்தத் தண்டனை முகமையை நடத்துபவருக்குத்தான். அமர்த்திக்கொண்டவரை அந்தப் பிரிவு குறிப்பிடவில்லை. அதற்காகச் சங்கம் நிம்மதியாக இருந்துவிடலாம் என்று சொல்ல மாட்டேன். இளைஞர் இழப்பீடு கேட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால், "நான்கு ஆண்டுகளாக உரிமத்தைக்கூடப் பார்க்காமல் எப்படி ஆள் வைத்தீர்கள்" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. உரிமத்தை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும் என்று 12ஆம் பிரிவே சொல்வதால், அதைக் கேட்பதில் சங்கடத்துக்கு இடமே இல்லை.

இரண்டாவது, காவலாளி செய்தது. இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறார்கள். சீருடையும் லத்தியும் இருப்பதால் அவருக்குக் காவல்துறையின் அதிகாரத்தில் கால் பங்காவது இருக்கும் என்று குடியிருப்பவர்களும் நம்புகிறார்கள், நாளடைவில் அவரும் நம்பத் தொடங்கிவிடுகிறார். உண்மையில் உங்களுக்கும் எனக்கும் உள்ள அதிகாரம்தான் அவருக்கும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 43) தனிமனிதர் ஒருவரைப் பிடித்து வைக்க அனுமதிப்பது மிகக் குறுகிய நிலையில் மட்டுமே: பிடிப்பவரின் கண் முன்னால் குற்றம் நடந்திருக்க வேண்டும், அது ஜாமீனில் விட முடியாததும், காவல்துறை பிடியாணையின்றிக் கைது செய்யக் கூடியதுமான குற்றமாக இருக்க வேண்டும். அறிவிக்கப்பட்ட தேடப்படும் குற்றவாளியையும் பிடிக்கலாம். அப்படிப் பிடித்தாலும் தேவையற்ற தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள், காவல்துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஆறு மணி நேரம் என்பது வெளி எல்லை. அதுவரை வைத்து விசாரித்துக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருள் இல்லை.

உங்கள் நிகழ்வில் முதல் நிபந்தனையே நிறைவேறவில்லை. காவலாளி எதையும் பார்க்கவில்லை, இன்டர்காமில் கேட்டார், அவ்வளவுதான். ஆகவே அறையில் உட்கார வைத்தது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 127ஆம் பிரிவில் வரும் முறையற்ற அடைத்துவைப்பு ஆகிறது. அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கதவைப் பூட்டவில்லையே என்று ஏஜென்சிக்காரர் சொல்லக்கூடும். கைப்பேசியும் வண்டிச் சாவியும் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது கதவு திறந்திருந்து என்ன பயன்?

பையைச் சோதிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். காட்டாதவரை உள்ளே விட மறுக்கலாம், ஏனென்றால் இடம் உங்களுடையது. வெளியே போகிறவரின் பையை அவர் விருப்பமின்றிக் கொட்ட வைக்க எந்தச் சட்டமும் காவலாளிக்கு இடம் தரவில்லை.

மூன்றாவது, பெரியவர். 10ஆம் பிரிவின்படி முகமை ஒருவரைப் பணியமர்த்த அவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், 65 வயது நிறைந்திருக்கக் கூடாது. ஆகவே அந்த ஏஜென்சி அவரைக் காவலாளியாக வைத்திருப்பது விதிமீறல். இந்தப் பிரிவு முகமையைக் கட்டுப்படுத்துவது என்பதையும் கவனியுங்கள். பொட்டலங்களை வாங்கி வைப்பது, குழாய் மோட்டாரைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலைகளுக்குச் சங்கமே அவரை நேரடியாக அமர்த்திக்கொள்வதை அது தடுக்கவில்லை. அப்போது வேலையளிப்பவர் நீங்கள் ஆவீர்கள். ஊதியம், விடுப்பு, விபத்து என எல்லாப் பொறுப்பும் உங்கள் தலையில்தான் விழும்.

பதில்: முன்னாள் ஹவில்தார்

படையில் 17 ஆண்டுகள், அதன் பிறகு காவலாளிகளுக்குப் பயிற்சி அளிக்கும் வேலையில் 9 ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வழக்குரைஞர் ஐயா சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் வாயிலில் நிற்கும் மனிதரைப் பற்றிச் சொல்கிறேன்.

2006ஆம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகளில் (2020இல் இவற்றுக்குப் பதிலாகப் புதிய மாதிரி விதிகள் வந்தன) ஒரு காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் சொல்லப்பட்டிருந்தது, அதுவும் குறைந்தது 20 வேலை நாட்களில். என்னைப் போன்ற முன்னாள் படைவீரர்களுக்கும் முன்னாள் காவலர்களுக்கும் 40 மணி நேர வகுப்பும் 16 மணி நேரக் களப்பயிற்சியும் போதும் என்று இருந்தது. பாடத்திட்டத்தில் பொதுமக்களிடம் நடந்துகொள்ளும் முறையும் சீருடையைச் சரியாக அணிவதும்தான் முதலில் வருகின்றன. தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைக் கட்டுப்படுத்துதல், அடையாள அட்டைகளைப் படித்துப் பார்த்தல், வெடிபொருளை அடையாளம் காணுதல், தற்காப்பு உரிமை, காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதியும் முறை எல்லாம் அதில் உண்டு. நடைமுறையில் நான் கண்டது வேறு. காலையில் ஆள் ஏஜென்சி அலுவலகத்துக்கு வருவார், மதியம் அளவு பார்க்காமல் ஒரு சட்டை கொடுப்பார்கள், இரவு ஏதாவது ஒரு பாயின்டில் (காவல் நிற்கும் இடத்தில்) நிற்பார். 160 மணி நேரம் காகிதத்தில் முடிந்திருக்கும்.

விதிகளில் சீருடை பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் சிலருக்குச் சிரிப்பு வரும். எனக்கு அது பிடிக்கும். கையில் ஏஜென்சியின் பட்டை, தோளிலோ மார்பிலோ பதவிப் பட்டை, கயிற்றில் கோத்த விசில் இடது பையில், நாடா கட்டிய ஷூ, தொப்பி. உடை இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, குனிந்து நிமிர இடைஞ்சலாகத் தொளதொளவென்றும் இருக்கக் கூடாது. புகைப்பட அடையாள அட்டை இடுப்புக்கு மேலே, முன்புறம், மேல் உடையின் மீது தெரிய வேண்டும். கூடவே ஒரு சிறு குறிப்பேடும் பேனாவும் அவரிடம் எப்போதும் இருக்க வேண்டும்.

இந்தக் குறிப்பேட்டைத்தான் நான் வகுப்பில் அதிகம் வற்புறுத்துவேன். செயலாளர் ஐயா, உங்கள் காவலாளி அந்த இளைஞரை எத்தனை மணிக்கு நிறுத்தினார், இன்டர்காமில் அழைத்தவர் யார், சூப்பர்வைசருக்கு எப்போது சொன்னார் என்பதெல்லாம் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா? எழுதும் பழக்கம் உள்ளவர் முதல் வரியை எழுதும்போதே "நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன்" என்பது அவருக்கே உறைத்துவிடும். அவர் செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: இளைஞரிடம் மரியாதையாக விஷயத்தைச் சொல்லி, பையைக் காட்ட முடியுமா என்று கேட்டிருக்க வேண்டும். மறுத்தால் பெயரையும் வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு, சூப்பர்வைசருக்குச் சொல்லிவிட்டு, அவரைப் போக விட்டிருக்க வேண்டும். தேவைப்பட்டால் வீட்டுக்காரரே 112ஐ அழைத்துக்கொள்ளட்டும். சட்டத்தின் 18ஆம் பிரிவும் இதே வரிசையைத்தான் சொல்கிறது: காவலாளி சட்டமீறலைக் கண்டால் மேலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், மேலாளர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். விசாரிக்கச் சொல்லவில்லை.

அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. பணியில் தெரிந்துகொண்ட விவரங்களைக் காவலாளி வெளியாரிடம் சொல்லக் கூடாது. எந்த வீட்டில் யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள், யாருக்கு எத்தனை மணிக்கு யார் வந்தார்கள் என்பது வாயிலைத் தாண்டக் கூடாது. உங்கள் வருகைப் பதிவேடு மேசை மேல் விரித்தபடி கிடந்து, வருகிற ஒவ்வொருவரும் முந்தைய பக்கத்தின் கைப்பேசி எண்களைப் படித்துவிட்டுப் போகிறார்களா என்று பாருங்கள்.

சூப்பர்வைசர் விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். அந்த 2006 மாதிரி விதிகளின்படி பதினைந்து காவலாளிகளுக்கு மேல் ஒரு சூப்பர்வைசர் பார்க்கக் கூடாது. ஆட்கள் வெவ்வேறு இடங்களில் சிதறி நின்றால் ஆறு பேருக்கு ஒருவராவது உதவிக்குக் கிடைக்க வேண்டும். பில் கொண்டுவருபவரை நான் சூப்பர்வைசர் என்று சொல்ல மாட்டேன். கடைசியாக, உங்கள் ஆட்களில் யாராவது போலீஸ் சீருடையைப் போலவோ ராணுவ உடையைப் போலவோ தோன்றும் உடுப்பு அணிந்தால் உடனே நிறுத்துங்கள். 21ஆம் பிரிவுப்படி அணிந்தவருக்கும் ஏஜென்சி உரிமையாளருக்கும் சேர்த்தே தண்டனை உண்டு.

பதில்: இரவுப் பணி

நான் காவலாளியாக வேலை செய்கிறேன், ஆறு ஆண்டுகளாக. மேலே உள்ளவற்றை எல்லாம் படித்தேன். எதுவும் தவறில்லை. ஆனால் அந்தக் காவலாளி ஏன் அப்படிச் செய்தார் என்று யாரும் கேட்கவில்லையே.

என்னிடம் ஒருமுறை ஒரு சைக்கிள் காணாமல் போனது. அடுத்த மாதச் சம்பளத்தில் 1,500 ரூபாய் பிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இன்டர்காம் மணி அடித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஷூ காணவில்லை என்று வீட்டுக்காரர் கத்தும்போது, அந்த ஆளை விட்டுவிட்டால் பணம் நம் தலையில்தான் விழும் என்றுதான் உங்கள் காவலாளிக்கும் தோன்றியிருக்கும். அவர் அன்று எத்தனையாவது மணி நேரத்தில் இருந்தார் என்றும் விசாரியுங்கள். ரிலீவர், அதாவது எங்களை விடுவிக்க வரும் அடுத்த ஷிப்ட் ஆள், வரவில்லை என்றால் எங்களுக்கு டபுள் டியூட்டி, அதாவது இருபத்து நான்கு மணி நேரம். காலையில் முகம் கழுவிக்கொண்டு அதே நாற்காலியில் மறுபடி உட்கார வேண்டும். பல இடங்களில் அந்த நாற்காலியும் கிடையாது. கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. வாயிலில் நிற்கிறவர் உட்கார்ந்தால் மட்டும் தூங்குகிறார் என்று படம் எடுத்துக் குழுவில் போடுகிறார்கள்.

செயலாளர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். ஏஜென்சி உங்களிடம் ஆளுக்கு எவ்வளவு வாங்குகிறது, எங்கள் கைக்கு எவ்வளவு வருகிறது என்று ஒரு மாதம் ஒப்பிட்டுப் பாருங்கள். வருங்கால வைப்பு நிதிக்கு என் சம்பளத்தில் 12 சதவீதம், இஎஸ்ஐக்கு 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். வேலையளிப்பவர் பங்கு உங்கள் பில்லிலும் இருக்கும். அது கட்டப்பட்டதா என்பதற்குச் செலான் (பணம் கட்டிய சீட்டு) கேளுங்கள், பெயர்ப் பட்டியலோடு கேளுங்கள். நாங்கள் கேட்டால் வேறு பாயின்டுக்கு மாற்றிவிடுவார்கள். நீங்கள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

67 வயதுப் பெரியவரைப் பற்றி: அந்த வயதில் இரவு முழுக்க விழித்திருக்க யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. அனுப்புவதற்கு முன் அவருக்குச் சேர வேண்டிய பாக்கியை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

பதில்: சிங்கை வாசகர்

ஒப்பீட்டுக்காக ஒரு சிறு குறிப்பு. இந்தியாவில் உரிமம் ஏஜென்சிக்கு. காவலாளியிடம் இருப்பது ஏஜென்சி கொடுத்த அடையாள அட்டை மட்டும். சிங்கப்பூரில் ஏஜென்சிக்கும் உரிமம் வேண்டும், பாதுகாவல் அதிகாரி ஒவ்வொருவருக்கும் காவல்துறையின் உரிமப் பிரிவு தரும் தனி உரிமம் வேண்டும். பயிற்சி முடிக்காமல் அது கிடைக்காது. 2016 செப்டம்பர் முதல் படிப்படியாக உயரும் ஊதிய முறையைப் பின்பற்றுவது ஏஜென்சியின் உரிம நிபந்தனைகளில் ஒன்றாகவும் ஆகிவிட்டது. சம்பளம் குறைத்துக் கொடுக்கும் ஏஜென்சி உரிமத்தையே இழக்க நேரிடும் என்பதால், மேலே எழுதிய நண்பரின் கேள்வியை இங்கே காவலாளி தனியாகக் கேட்க வேண்டியிருப்பதில்லை. அங்கும் உரிமத்தையும் ஊதியத்தையும் ஒரே முடிச்சில் கட்டினால் நல்லது என்று தோன்றுகிறது. மற்றபடி இங்கேயும் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் ஒழிந்துவிடவில்லை.

ஊரப்பாக்கம் செயலாளர்

பதிலளித்த நால்வருக்கும் நன்றி. செயற்குழு முடிந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தையும் உள்ளடக்கிய உரிமத்தை 60 நாட்களுக்குள் காட்டாவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாகக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பயிற்சிச் சான்றிதழ், காவல்துறை நன்னடத்தைச் சரிபார்ப்பு, செலான் மூன்றையும் ஆள்வாரியாகக் கேட்டோம். ஆறு பேரில் இருவருக்கு மட்டுமே பயிற்சிச் சான்றிதழ் வந்தது. இரண்டிலும் ஒரே தேதி.

"இரவுப் பணி" நண்பர் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். சம்பவத்தன்று எங்கள் காவலாளி முந்தைய நாள் இரவு எட்டு மணியிலிருந்து பணியில் இருந்திருக்கிறார். காணாமல் போகும் பொருளுக்கு அவர்கள் சம்பளத்தில் பணம் பிடிக்கக் கூடாது என்பதைக் கடிதத்தில் தனிப் பத்தியாகச் சேர்த்தோம். இதற்கு இரண்டு உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்; ஷூ வீட்டாரும் அவர்களில் அடக்கம். இளைஞரை நேரில் பார்த்து வருத்தம் தெரிவித்தேன். புகாரைத் திரும்பப் பெறுவது அவர் விருப்பம், நான் அதைக் கேட்கவில்லை. பெரியவரைப் பகல் நேரத்தில் பொட்டலங்களைப் பார்த்துக்கொள்ளச் சங்கமே வைத்துக்கொள்வது என்று பேசியிருக்கிறோம். அவர் மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

வழக்குரைஞர் ஐயாவிடம் ஒரு ஐயம் மட்டும். இந்த 60 நாட்களும் இதே ஏஜென்சியின் ஆட்களை வாயிலில் வைத்திருப்பது சரியா?

மதுரை வழக்குரைஞர்

சரியில்லை. உரிமம் இல்லை என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டு அதே ஆட்களை வைத்திருப்பது, தெரியாமல் வைத்திருந்ததைவிட உங்களுக்குப் பாதகம். 60 நாள் என்பது விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்க உரிமம் வழங்கும் அதிகாரிக்குச் சட்டம் தரும் காலம். ஏஜென்சிக்கு நீங்கள் தர வேண்டிய சலுகை அல்ல. மாநிலம் முழுவதற்கும் உரிமம் உள்ள வேறொரு முகமையிடம் இந்த வாரமே விலைப்புள்ளி கேளுங்கள். உரிம நகலைக் கையில் வாங்கி, அதிலுள்ள மாவட்டங்களின் பெயர்களைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இரவுப் பணி

புதிய ஏஜென்சி வந்தால் இப்போது இருக்கும் ஐந்து பேரையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், ஐயா. பயிற்சியை அவர்களே கொடுத்துக்கொள்ளட்டும்.